பத்தொன்பதா, ஒரு லட்சமா?



போரிலே மாண்டவரை எண்ணுகிறோம். புயலிலே மாண்டவரை எண்ணுகிறோம். புகையிலே மாண்டவரை எண்ணுவது யார்?

2015ஆம் ஆண்டு, இந்தோனேசியாவின் சுமத்திராவிலும் கலிமந்தானிலும் காடு எரிந்தது. எரிந்தது என்றா சொன்னேன்? பெரும்பாலும் எரிக்கப்பட்டது! எண்ணெய்ப் பனை வைக்கவும், காகிதக் கூழுக்கு மரம் வளர்க்கவும் நிலத்தைத் திருத்த மலிவான வழி தீ. அது கூலி கேளாது. பெருந்தோட்டக்காரரும் வைத்தனர், சிறு குடியானவரும் வைத்தனர். எல் நினோவால் மழையும் பொய்த்தது. 26 லட்சம் ஹெக்டேர் தீக்கிரையாயிற்று.

அந்த மண்ணோ, இலையும் வேரும் பல்லாயிரம் ஆண்டுகளாகச் சதுப்பிலே மட்கிப் படிந்த மண். வாய்க்கால் வெட்டி நீரை வடித்துவிட்டால் மண்ணே விறகாகிறது! மேலே தீ அவிந்தாலும் அடியிலே வாரக்கணக்கில் கனலும். கொழுந்துவிடும் தீயைவிடக் கனலும் நெருப்புக்கே புகை மிகுதி. அப்புகையின் நுண்துகள், தலைமயிரின் தடிப்பில் முப்பதில் ஒரு பங்குதான். முகத்திலே கட்டும் கைக்குட்டை அதைத் தடுக்காது. நுரையீரலின் கடைசிச் சிற்றறைவரை செல்லும், குருதியிலும் கலக்கும். குழந்தைக்கு இழைப்பு; முதியவருக்கு மாரடைப்பு, பக்கவாதம்.

இறப்புச் சான்றிதழிலே 'மாரடைப்பு' என்றிருக்கும், 'புகை' என்றிராது. இந்தோனேசிய அதிகாரிகள் காட்டிய சாவுக் கணக்கு 19! ஹார்வர்டு, கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட மதிப்பீடு 1,00,300! இந்தோனேசியாவில் 91,600, மலேசியாவில் 6,500, சிங்கப்பூரில் 2,200. மதிப்பீடுதான், தலை எண்ணிய கணக்கன்று. மறைக்கமாட்டேன். பாதியைத் தள்ளிவிட்டே பாருங்கள். பத்தொன்பது எங்கே, ஐம்பதாயிரம் எங்கே!

"கடல் கடந்த சங்கதி, நமக்கென்ன?" என்பீர்களோ? நம்மவர் தலைமுறைகளாக வாழும் சிலாங்கூரிலே அவ்வாண்டு புகையால் பள்ளிகள் மூடப்பட்டன. இருக்கட்டும், நியாயவிலைக் கடை வரிசையிலே நின்று நாம் வாங்குகிறோமே பாமாயில்? இந்தியாவுக்கு வரும் பாமாயிலில் பெரும்பகுதி இந்தோனேசியாவும் மலேசியாவும் அனுப்புவது. எந்தத் தோட்டத்து எண்ணெய் என்று பாக்கெட்டிலே எழுதியிருப்பதில்லை.

எல்லை தாண்டும் புகையைத் தடுக்க, ஆசியான் நாடுகள் 2002இல் கோலாலம்பூரிலே உடன்படிக்கை செய்தன. தீ மூண்ட நாடான இந்தோனேசியா அதற்கு இறுதி ஒப்புதல் தந்தது 2014இல். பன்னிரண்டு ஆண்டுகள்! மறு ஆண்டே இப்பெருந்தீ. தவறிய நாட்டுக்குத் தண்டனை என்று அந்த உடன்படிக்கையிலே ஒரு வரியும் இல்லை. 2019இலும் புகை வந்தது.