அளந்து வை, எழுதி வை

 

விடிவதற்கு முன்பே ஆண்டர்சன்பேட்டை விழித்துக்கொள்கிறது. கையில் சோற்று டப்பாவுடன் ஆட்கள் மாரிக்குப்பம் ஸ்டேஷனுக்கு ஓடுகிறார்கள். பெங்களூர் ரயிலைப் பிடிக்க வேண்டும். 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் தேதி தங்கச் சுரங்கம் மூடப்பட்டது. அதன் பிறகு பல வீடுகளில் அடுப்பு எரிவது இந்த ரயிலை நம்பித்தான். ரயில் போகும் வழியில் மாலூர் இருக்கிறது. ஒயிட்ஃபீல்டு இருக்கிறது. அந்தப் பக்கத்திலும், ஒசகோட்டையிலும் பெரிய பெரிய கிடங்குகள் எழும்பியிருக்கின்றன. நாம் குடோன் என்று சொல்வோமே, அதுதான் கிடங்கு. அங்கே ஏற்றவும், இறக்கவும், எண்ணவும், எழுதவும் ஆட்கள் வேண்டும்.

கிடங்கு வேலை என்றால் மூட்டை தூக்குவது மட்டும்தானா? இல்லை. கிடங்கு வேலையில் பாதி தோளில் இருக்கிறது. மீதிப் பாதி எழுத்தில் இருக்கிறது.

ஆண்டர்சன்பேட்டை மக்களுக்கு இதைப் புரிந்துகொள்வது சுலபம். சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போனது. உள்ளே இறங்கும் ஒவ்வொருவர் பெயரையும் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று 1952ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம் சொன்னது. இறங்கியவர் எத்தனை பேர்? ஏறியவர் எத்தனை பேர்? இரண்டும் ஒத்துப்போக வேண்டும். ஒரு பெயர் குறைந்தால் ஓர் உயிர் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். கிடங்கின் சட்டமும் இதுதான். உள்ளே வந்தது எவ்வளவு? வெளியே போனது எவ்வளவு? மீதி எவ்வளவு? சரக்கும் கணக்கும் ஒத்துப்போக வேண்டும்.

"ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்று நம் பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

சேமித்து வைப்பது நமக்குப் புதிது அல்ல. வீட்டில் குதிர் இருந்தது. கர்நாடகத்தில் நிலத்தில் குழி தோண்டி ராகி சேமித்தார்கள். அந்தக் குழிக்கு ஹகேவு என்று பெயர். தஞ்சாவூர் மாவட்டத்தில் பாபநாசம் அருகே திருப்பாலைத்துறைக் கோயில் இருக்கிறது. அங்கே நாயக்கர் காலத்தில் செங்கல்லால் கட்டிய நெற்களஞ்சியத்தை இன்றும் பார்க்கலாம். அது 3000 கலம் நெல் கொள்ளும் என்பார்கள். நாடு விடுதலை பெற்ற பிறகு, 1957ஆம் ஆண்டு மத்திய சேமிப்புக் கிடங்குக் கழகம் தொடங்கியது. 1965ஆம் ஆண்டு இந்திய உணவுக் கழகம் தொடங்கியது. அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில்தான் திறக்கப்பட்டது.

இப்போது அரிசிக் கிடங்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். இதைப் புரிந்துகொண்டால் மற்றக் கிடங்குகளும் புரிந்துவிடும்.

முதல் வேலை, வாங்குவது. லாரி வந்து நிற்கிறது. உடனே இறக்கிவிடலாமா? கூடாது. முதலில் லாரியோடு வந்த சீட்டைப் படிக்க வேண்டும். எத்தனை மூட்டை என்று எழுதியிருக்கிறது? எவ்வளவு எடை? பிறகு சரக்கை எடை போட வேண்டும். குத்தூசியால் மூட்டையைக் குத்தி, அரிசியை எடுத்துப் பார்க்க வேண்டும். பூச்சி இருக்கிறதா? ஈரம் இருக்கிறதா? நெல் என்றால் நூற்றுக்கு 14 பங்குக்கு மேல் ஈரம் இருக்கக் கூடாது. ஈரம் அதிகமானால் சூடு பிடிக்கும். பூசணம் பூக்கும். எல்லாம் சரியாக இருந்தால்தான் கையெழுத்துப் போட வேண்டும். படிக்காமல் போட்ட கையெழுத்து, நாளைக்கு உங்கள் தலையில் வந்து விழும்.

இரண்டாவது வேலை, அடுக்குவது. மூட்டைகளை வெறும் தரையில் போடக் கூடாது. தரையின் ஈரம் ஏறிவிடும். கீழே மரச்சட்டம் போட்டு அதன் மேல் அடுக்க வேண்டும். இப்படி அடுக்கியதை அட்டி என்பார்கள். சுவரை ஒட்டி அடுக்கக் கூடாது. சுவருக்கும் அட்டிக்கும் நடுவே இரண்டு மூன்று அடி இடம் வேண்டும். காற்று போக வேண்டும். ஆள் போய்ப் பார்க்க வேண்டும். எலி ஒளிய இடம் இருக்கக் கூடாது.

ஒரே அளவாக அடுக்கினால் எண்ணுவதும் சுலபம். நீளத்தில் 6 மூட்டை. அகலத்தில் 5 மூட்டை. உயரத்தில் 4 மூட்டை. ஆறைந்து முப்பது. முப்பது நாலு நூற்றிருபது. ஒரு மூட்டையைக்கூடத் தொடாமல் 120 மூட்டை என்று சொல்லிவிடலாம். தாறுமாறாகக் குவித்தால் யாராலும் எண்ண முடியாது. எண்ண முடியாத இடத்தில்தான் திருட்டு நடக்கும்.

ஒவ்வொரு அட்டியிலும் ஒரு சீட்டு தொங்க வேண்டும். என்ன சரக்கு, எந்தத் தேதியில் வந்தது, எத்தனை வந்தது, எத்தனை போனது, மீதி எத்தனை என்று அதில் எழுத வேண்டும்.

மூன்றாவது வேலை, காப்பது. கூரை ஒழுகுகிறதா என்று மழைக்கு முன்பே பார்க்க வேண்டும். சிந்திய அரிசியை அன்றன்றே கூட்ட வேண்டும். சிந்திய அரிசி எலிக்கு விருந்து. பூச்சிக்கு மருந்து வைக்கும்போது அட்டியைத் தார்ப்பாய் போன்ற உறையால் மூடுவார்கள். உள்ளே இருப்பது நச்சுக் காற்று. ஆளையே கொல்லும். "அபாயம்" என்ற பலகை தொங்கினால் அருகே போகாதீர்கள். அந்த ஒரு சொல்லைப் படிக்கத் தெரிந்தால் ஓர் உயிர் பிழைக்கும்.

நான்காவது வேலை, கொடுப்பது. எந்த மூட்டையை முதலில் கொடுக்க வேண்டும்? முதலில் வந்ததை முதலில் கொடுக்க வேண்டும். வாசல் பக்கம் இருப்பதை எடுத்துக் கொடுப்பது சுலபம்தான். ஆனால் உள்ளே கிடக்கும் பழைய மூட்டை என்ன ஆகும்? வண்டு பிடிக்கும், புழுக்கும். கடைசியில் அது யார் வீட்டு உலையில் விழும்? ஏழை வீட்டு உலையில்தான். அதனால்தான் சீட்டில் தேதி எழுதுகிறார்கள்.

ஐந்தாவது வேலை, சரிபார்ப்பது. ஒரு கணக்குப் போடுவோம். அட்டியில் இருந்தது 120 மூட்டை. ஒரு ரேஷன் கடைக்குப் போனது 40. இன்னொரு கடைக்குப் போனது 35. மொத்தம் போனது 75. மீதி 45 இருக்க வேண்டும். எண்ணிப் பார்த்தால் 43தான் இருக்கிறது.

இரண்டு மூட்டை எங்கே போனது? "காய்ந்து குறைந்துவிட்டது" என்று ஒருவர் சொல்லலாம். காய்ந்தால் எடை கொஞ்சம் குறையும். மூட்டையே காணாமல் போகுமா? "எலி தின்றுவிட்டது" என்று இன்னொருவர் சொல்லலாம். எலி அரிசியைத் தின்னும். சாக்கோடு சேர்த்து முழு மூட்டையைத் தின்னுமா? ஒன்று, ஏற்றும்போது எண்ணிக்கை தவறியிருக்கும். இல்லையென்றால் யாரோ எடுத்திருப்பார்கள். அன்றன்று எழுதியிருந்தால் எந்த நாளில், எந்த வண்டியில் என்று கண்டுபிடிக்கலாம். மாதக் கடைசியில் மொத்தமாக எழுதினால் கண்டுபிடிக்க முடியாது. பழி லோடுமேன் மேல் விழும்.

இரண்டு மூட்டைதானே என்று நினைக்காதீர்கள். ஒரு மூட்டை 50 கிலோ. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் முன்னுரிமைக் குடும்பங்களில் ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம் தரச் சொல்கிறது. அப்படியானால் இரண்டு மூட்டை என்பது 20 பேருடைய ஒரு மாதப் பங்கு.

இனி, தூக்குகிறவர் பக்கம் பார்ப்போம். முன்பு ஒரு மூட்டை 100 கிலோ வரை இருந்தது. எத்தனை பேருடைய முதுகை அது ஒடித்தது! ஓர் ஆண் தூக்கும் சுமை 55 கிலோவுக்குள் இருக்க வேண்டும் என்று உலகத் தொழிலாளர் அமைப்பு 1967ஆம் ஆண்டு பரிந்துரை செய்தது. பெண்களுக்கு அதைவிடக் குறைவாக இருக்க வேண்டும். தூக்கும்போது முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கித் தூக்க வேண்டும். அட்டியிலிருந்து மூட்டை எடுக்கும்போது மேலிருந்து, படிப்படியாக எடுக்க வேண்டும். அடியிலிருந்து உருவினால் அட்டி சரிந்து ஆள் மேல் விழும்.

மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர்கள் சட்டைப் பையில் ஒரு சிறிய நோட்டு வைத்துக்கொள்ள வேண்டும். தேதி, வண்டி நம்பர், எத்தனை மூட்டை என்று அன்றே எழுத வேண்டும். மேஸ்திரி 300 மூட்டை என்று சொல்லும்போது, உங்கள் நோட்டு 340 என்று சொல்லலாம். அப்போது சண்டை போட வேண்டியதில்லை. நோட்டைக் காட்டினால் போதும். கைநாட்டு வைத்த காலத்தில் அந்த 40 மூட்டைக் கூலி போனது போனதுதான்.

மாலூர், ஒசகோட்டைப் பக்கத்துப் புதிய கிடங்குகளில் அரிசி மட்டும் இல்லை. துணி, செருப்பு, மருந்து, பாத்திரம் எல்லாம் இருக்கின்றன. கோடுகள் அச்சடித்த சீட்டைக் கைக்கருவி படிக்கிறது. கணினி கணக்கு வைக்கிறது. ஆனாலும் வழி பழைய வழிதான். வீட்டுக்குக் கதவு எண் இருப்பதுபோல ஒவ்வொரு தட்டுக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண்ணைப் படித்து, சரியான தட்டில் வைக்க வேண்டும். தவறான தட்டில் வைத்த பொருள் கிடங்குக்குள்ளேயே இருந்தாலும் காணாமல் போன பொருள்தான்.

விவசாயிக்கும் இந்த எழுத்து உதவுகிறது. அரசிடம் பதிவு பெற்ற கிடங்கில் தானியம் வைத்தால் ரசீது தருவார்கள். அந்த ரசீதைக் காட்டி வங்கியில் கடன் கேட்கலாம். இதற்காக 2007ஆம் ஆண்டு ஒரு சட்டம் வந்தது. அறுவடை நேரத்தில் விலை விழும். ரசீது கையில் இருந்தால் அவசரப்பட்டு விற்க வேண்டாம். நல்ல விலை வரும்வரை பொறுக்கலாம்.

அன்பானவர்களே! இன்றைக்கே வீட்டில் தொடங்குங்கள். அரிசி டப்பாவின் மேல் ஒரு தாள் ஒட்டுங்கள். வாங்கிய தேதி எழுதுங்கள். எத்தனை கிலோ என்று எழுதுங்கள். ரேஷன் கடையில் எடைக் கருவியின் முள்ளையோ எண்ணையோ பாருங்கள். ரசீதைப் படியுங்கள். பழைய அரிசியைத் தீர்த்த பிறகு புதியதைத் திறங்கள். அதுவும் ஒரு கிடங்குதான். அதற்கு நீங்கள்தான் மேலாளர்.

அளந்து வையுங்கள். எழுதி வையுங்கள்.