புல் சொல்லும் பழுது

ஏரிக்கு ஒரு வாரியமும் தோட்டத்துக்கு ஒரு வாரியமும் குடவோலை இட்டுத் தேர்ந்தெடுக்கும் ஏற்பாட்டை, முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் கல்லில் வெட்டிவைத்த ஊர் உத்திரமேரூர். அவ்வூர்ப் பக்கத்து ஜனங்கள் புல்வெட்டும் யந்திரம் ஒன்றைப் பற்றிய பேச்சை வீண் பேச்சென்று தள்ளிவிட மாட்டார்கள் என்ற தைரியத்தில்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

சென்னை நந்தனத்திலும் உதகமண்டலத்திலும் கோல்ஃப் மைதானங்கள் உண்டு. அங்கே பந்து விழவேண்டிய குழியைச் சுற்றியுள்ள ‘கிரீன்’ என்னும் பகுதியில், புல்லின் உயரம் சாதாரணமாக மூன்று நான்கு மில்லிமீட்டர்தான்; இரண்டு நெல்மணிகளைப் படுக்கவைத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் வரும் உயரம். இத்தனை சூக்ஷ்மமான வேலையைச் செய்வது, உருளையில் முறுக்கினாற்போல் பொருத்திய பல கத்திகளும், அவற்றின் கீழே அசையாமல் நிற்கும் ஓர் அடிக்கத்தியும் சந்திக்கும் அந்த ஒற்றை விளிம்பே. இங்கிலாந்தில் ஸ்ட்ரௌட் என்னும் ஊரைச் சேர்ந்த எட்வின் பட்டிங் 1830-இல் இவ்வகைப் புல்வெட்டும் யந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். கம்பளித் துணியின் பிசிறைச் சீராக மழிக்கும் ஆலை யந்திரமே அவருக்கு வழிகாட்டியது என்பதைக் கேட்டால், காஞ்சிபுரத்துத் தறிக்காரர்கள் சற்றே பெருமிதம் கொள்ளலாம்.

யந்திரம் தகராறு செய்தால் எல்லோருடைய கையும் முதலில் இன்ஜினுக்குத்தான் போகும். இன்ஜின் கிளம்பவே மறுத்தால் அது நியாயம்: நாள்பட்ட பெட்ரோல், கரி படிந்த பிளக், தூசி அடைத்த ஏர் ஃபில்ட்டர், சில வண்டிகளில் கைப்பிடியோடு இணைந்த பாதுகாப்பு ஸ்விட்ச் என்று நாலைந்து இடங்களைப் பார்த்தால் பெரும்பாலும் காரணம் அகப்பட்டுவிடும். ஆனால் இன்ஜின் ஓடுகிறது, முனகுகிறது, பெல்ட் வழுக்குகிறது என்னும்போது கார்புரேட்டரைக் கழற்றுவது வீண் பிரயாசை என்பதே என் அபிப்பிராயம். கத்தியை அடிக்கத்தியோடு அளவுக்கு மீறி இறுக்கியவர் ஒருவர், அதன் பளுவைச் சுமக்கும் இன்ஜினுக்கு வைத்தியம் பார்ப்பவர் வேறொருவர் என்றாகிவிடுகிறது.

ஆகையால் வெட்டுப்பட்ட புல்லிலிருந்து பின்னோக்கி வரவேண்டும். போன தடமெங்கும் மெல்லிய கோடாகப் புல் வெட்டுப்படாமல் நின்றால், கூழாங்கல் ஒன்று அடிக்கத்தியின் விளிம்பை உடைத்திருக்கிறது. ஒரு பக்கம் தாழ்ந்தும் மறுபக்கம் உயர்ந்தும் வெட்டினால், தரையில் உருளும் ரோலரின் மட்டம் தவறியிருக்கிறது. நுனி கிழிந்து வெளிறினால் கத்தி மழுங்கிவிட்டது. குறுக்கே அலையலையாகத் தெரிந்தால் பேரிங் தளர்ந்திருக்கலாம், அல்லது வண்டி போகும் வேகத்துக்கும் கத்தி சுழலும் வேகத்துக்கும் பொருத்தமில்லாமல் இருக்கலாம். உருளையைக் கையால் மேலும் கீழும் அசைத்து, ஆட்டம் இருக்கிறதா என்று பார்த்தால் பாதிச் சந்தேகம் தீரும். பிறகு ஒரு துண்டுச் செய்தித்தாளை இரு கத்திகளுக்கும் இடையே நீட்டி, உருளையை நிதானமாகச் சுற்றிப் பார்க்க வேண்டும். இடது கோடியில் சுத்தமாக வெட்டி, வலது கோடியில் தாளை மடித்துத் தள்ளினால், திருக வேண்டிய ஸ்க்ரூ எதுவென்று தாளே காட்டிவிடுகிறது. விளிம்பு சிறிதளவு மழுங்கியிருந்தால் கிரைண்டிங் பேஸ்ட் தடவி உருளையை எதிர்த்திசையில் ஓட்டிக் கூராக்கலாம். ஒரு கோடி பருத்தும் மறு கோடி மெலிந்தும் தேய்ந்த உருளைக்கு அது பலிக்காது, சாணை யந்திரத்துக்கே அனுப்ப வேண்டும்.

உத்திரமேரூர் வயல்களில் ஓடும் நெல் அறுவடை வண்டிக்கும் லட்சணம் இதுவே. அரிதாள் ஒரே மட்டமாக நில்லாமல் பிய்ந்தும், சில இடங்களில் வேரோடு பிடுங்கப்பட்டும் கிடந்தால், டீசல் பம்பைச் சந்தேகிப்பதற்கு முன் முன்புறத்துக் கத்திப் பற்களையும் அவற்றுக்கும் கீழ்த்தகட்டுக்கும் இடையில் சேற்றோடு இறுகிய வைக்கோலையும் பார்ப்பது உத்தமம்.

இந்தப் பரிசோதனைகளுக்கெல்லாம் முன்னே, பெட்ரோல் வண்டியானால் பிளக் ஒயரைக் கழற்றி ஒதுக்கி வைக்கவேண்டும். அறுவடை வண்டியானால் இன்ஜினை நிறுத்திச் சாவியைத் தம் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளவேண்டும். உருளையின் ஒரு கத்தியைப் பிடித்துத் தள்ளினால் மற்றக் கத்திகள் அனைத்தும் சேர்ந்தே சுழலும். அவற்றில் ஒன்று மறு கையின் விரல்கள் இருக்கும் இடத்துக்கு வரும்.