குளிர்ந்த காற்றை நம்பாதீங்க: மன்னார் வெயிலும் நம்ம தோலும்

(மடுத் திருவிழாவுக்கும் தலைமன்னாருக்கும் புறப்படும் குடும்பங்களுக்காகத் தோட்ட மண்டபத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய பேச்சு)



ஆகஸ்ட் 15ஆம் திகதி மடு மாதா திருவிழா. பஸ் பிடித்துப் போகிற நம்ம ஆட்கள் மடுவோடு நிற்பதில்லை. திருக்கேதீஸ்வரம் போய்க் கும்பிட்டு, மன்னார்ப் பாலத்தைத் தாண்டி, தலைமன்னார்க் கடலையும் பார்த்துவிட்டுத்தான் திரும்புவார்கள். பார்க்க வேண்டிய இடம்தான். 1914இல் தலைமன்னாருக்குக் கப்பலும் ரயிலும் ஓடத் தொடங்குவதற்கு முன்பு, மன்னார்க் கரையில் வந்து இறங்கிய நம் முன்னோர் காட்டு வழியாக மாத்தளை வரை கால்நடையாக நடந்தார்கள். கொலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே மாண்டவர்கள் ஏராளம். அதை நினைவுகூர்ந்து 2023 ஜூலை 28இல் தலைமன்னாரில் புறப்பட்ட நடைபயணம் ஆகஸ்ட் 12இல் மாத்தளையில் முடிந்தது. நாமும் ஆகஸ்ட் மாதத்தில்தான் அந்தப் பக்கம் போகப்போகிறோம். ஆகவே அந்த வெயிலைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம் என்று நினைத்தேன்.

"நாங்க மலையிலேயே வெயில்ல நிக்கிற ஆளுங்க. எங்களுக்கு வெயில் என்ன செய்யப்போகுது?" என்று சிலர் கேட்பீர்கள். அங்கேதான் ஏமாந்து போகிறோம். வெயிலில் இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று சூடு. அது உடம்புக்குத் தெரியும், நாமே நிழலுக்கு ஒதுங்கிவிடுவோம். மற்றது கழியூதாக் கதிர். இதைப் புற ஊதாக் கதிர் என்றும் சொல்வார்கள். இது கண்ணுக்கும் தெரியாது, உடம்புக்கும் தெரியாது. தோலைச் சுட்டுப் புண்ணாக்குவதும், சுருங்க வைப்பதும், பல வருஷம் கழித்துப் புற்றுநோய்க்கு வழி வைப்பதும் இந்தக் கதிர்தான். கண்ணில் புரை விழுவதற்கும் இது ஒரு காரணம்.

மன்னார்க் கரையில் இது ஏன் கடுமை? ஏப்ரல் மாதத்தில் ஒரு தடவையும், ஆகஸ்ட் கடைசியிலும் செப்டெம்பர் தொடக்கத்திலும் இன்னொரு தடவையும் சூரியன் இலங்கைக்கு நேர் மேலே வருகிறது. மடுத் திருவிழா அதற்குக் கொஞ்ச நாள் முந்தித்தான் வருகிறது. அந்தக் காலத்தில் மன்னாரில் மழையும் குறைவு, மேகமும் குறைவு. அடுத்தது மணலும் கடலும். உலர்ந்த கடற்கரை மணல் அந்தக் கதிரில் நூற்றுக்கு 15 பங்கைத் திருப்பி அடிக்கும். கடல் நுரை 25 பங்கு வரை அடிக்கும். குடை பிடித்திருந்தாலும் கீழேயிருந்து முகத்தில் படும். மூன்றாவது காற்று. கடற்காற்று வீசும்போது உடம்பு குளிர்ந்து, சுடுவதே தெரியாது. பிள்ளைகள் தண்ணீரை விட்டு வரவே மாட்டார்கள். ராத்திரி பஸ்ஸில் ஏறிய பிறகுதான் "அம்மா, முதுகு எரியுது" என்று அழும்.

இதே ஏமாற்றம் நம்ம மலையிலும் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து 1000 மீட்டர் ஏறினால் இந்தக் கதிர் நூற்றுக்குப் 10 பங்கு போல் கூடும். நுவரெலியா 1868 மீட்டர் உயரம். மெல்லிய மேகம் மூடியிருந்தாலும் 80 பங்கு வரை கீழே இறங்கும். குளிராக இருக்கிறது என்று கவ்வாத்து வெட்டுகிற ஆண்கள் சட்டையைக் கழற்றிப் போடுவது அதனால்தான் தப்பு.

கறுத்த தோலுக்கு ஒரு பாதுகாப்பு இருக்கிறது. தோலில் உள்ள மெலனின் என்ற கருநிறப் பொருள் கதிரைத் தடுக்கிறது. அதனால் தோல் புற்றுநோய் நமக்கு வெள்ளைக்காரரைவிட மிகக் குறைவு. ஆனால் அது முழுக் குடை இல்லை, ஓட்டைக் குடை. கன்னத்தில் மங்கு விழுவது, உதடு வெடிப்பது, கண்ணோரம் சதை வளர்வது எல்லாம் நமக்கும் வருகிறது. பிறவியிலேயே தோலும் முடியும் வெளுத்த பிள்ளைகளுக்கு அந்த ஓட்டைக் குடைகூட இல்லை. அவர்களை வெயிலில் விடவே கூடாது. வெண்புள்ளி உள்ளவர்கள் அந்த இடத்தைத் துணியால் மூடிக்கொள்ள வேண்டும்.

தங்கச்சிமாருக்கு ஒரு வார்த்தை. பயணம் போய்க் கறுத்து வந்துவிட்டோம் என்று கடையில் பெயர் தெரியாத வெள்ளையாக்கும் கிறீம் வாங்கிப் பூசாதீங்க. சிலவற்றில் பாதரசம் இருக்கிறது. அது சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரித்திருக்கிறது. சிலவற்றில் ஸ்டீரொயிட் மருந்து இருக்கிறது. பூசிய கொஞ்ச நாள் முகம் பளிச்சென்று தெரியும். பிறகு தோல் மெலிந்து, சிவந்து, பரு போட்டு, வெயில் பட்டாலே எரியும். இருக்கிற குடையை நாமே காசு கொடுத்துக் கிழிப்பது போலத்தான் இது. தேசிக்காய்ச் சாறு பூசிக்கொண்டு வெயிலில் போவதும் ஆபத்து. பட்ட இடம் கொப்புளித்துக் கறுத்துவிடும்.

சரி, என்ன செய்யலாம்?

ஒன்று, நேரம். கடற்கரைக்குக் காலை 10 மணிக்கு முன்பு போங்க, இல்லாவிட்டால் பின்னேரம் 4 மணிக்குப் பிறகு போங்க. கடிகாரம் இல்லையென்றால் நிழலைப் பாருங்க. உங்க நிழல் உங்களைவிடக் கட்டையாக இருந்தால் வெயில் கடுமை, ஒதுங்கிவிடுங்க. மடுவில் காட்டு மரநிழல் இருக்கிறது. தலைமன்னார் மணலில் அது கிடைக்காது.

இரண்டு, துணி. கிறீமைவிட மலிவானது, நம்பிக்கையானது துணிதான். கொழுந்தெடுக்கிற அக்காமார் தலைத்துண்டு கட்டி, நீளக்கைச் சட்டை போடுவது மிக நல்ல பழக்கம். அதையே பயணத்திலும் செய்யுங்க. துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்க. வெளிச்சம் ஊடுருவினால் கதிரும் ஊடுருவும். நனைந்த மெல்லிய சட்டை அவ்வளவாகத் தடுக்காது. பிள்ளைகள் தண்ணீரில் இறங்கினால் கெட்டியான சட்டையோடு இறங்கட்டும். மன்னார்ப் பக்கம் பனையோலைத் தொப்பி கிடைத்தால் வாங்கிப் போடுங்க. விளிம்பு அகலமாக இருந்தால் கண்ணுக்கும் நல்லது.

மூன்று, சன்கிறீம். வசதி உள்ளவர்கள் எஸ்.பி.எஃப். 30 என்று போட்டதை வாங்கலாம். தாராளமாகப் பூசி, 2 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை திரும்பப் பூச வேண்டும். குளித்து ஏறினாலும் பூச வேண்டும். 6 மாதத்துக்குக் குறைந்த கைப்பிள்ளைக்குக் கிறீம் வேண்டாம், நிழல்தான் மருந்து.

நான்கு, தண்ணீர். தாகம் வரும்வரை காத்திருக்காமல் குடிங்க. தலைசுற்றல், வாந்தி இருந்தால் நிழலில் படுக்க வைத்து ஜீவனி கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்க. ஆள் பேச்சுத் தடுமாறினாலோ மயங்கினாலோ வாயில் எதையும் ஊற்றாதீங்க. உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க.

தோல் சுட்டுவிட்டால் குளிர்ந்த தண்ணீரால் நனைத்து, தளர்ந்த பருத்தித் துணி உடுத்துங்க. பற்பசை, வெண்ணெய் எதுவும் பூசாதீங்க. கொப்புளத்தை உடைக்காதீங்க. பெரிய கொப்புளம், காய்ச்சல் இருந்தாலும், சின்னப் பிள்ளையானாலும் தோட்ட வைத்திய உதவியாளரிடம் காட்டுங்க. முகத்திலோ கையிலோ ஒரு மாதமாகியும் ஆறாத புண் இருந்தாலும், மச்சம் பெருத்து இரத்தம் கசிந்தாலும் வெட்கப்படாமல் காட்டுங்க. நேரத்தோடு கண்டால் சுகப்படுத்தலாம்.

கூட்டிப் போகிற பிள்ளைகளுக்கு எரிகிறதா, சுடுகிறதா என்று சொல்லத் தெரியாது. பெரியவங்கதான் கவனிக்கணும். பஸ் ஏறும் முன்பு குடை, துண்டு, நீளக்கைச் சட்டை, தண்ணீர்ப் போத்தல் நான்கும் பையில் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்க.

போய், கும்பிட்டு, சுகமாகத் திரும்பி வாங்க.