கொண்டும் கொடுத்தும்

(புத்தூரில் நடைபெற்ற அங்கத்தினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

நம் கூட்டங்களில் அடிக்கடி எழும் ஒரு மனக்குறையைப் பற்றிப் பேச விரும்புகிறேன். "கல்யாணத்தில் மெஹந்தி வந்துவிட்டது, சங்கீத் வந்துவிட்டது. நம்முடையது என்று இனி என்ன மிஞ்சும்?" என்று கேட்கிறோம். நியாயமான கவலைதான். ஆனால் நம்முடையது என்று சொல்பவை எப்படி நம்மிடம் வந்தன என்பதையும் பார்க்க வேண்டும்.

இந்த ஊரைச் சுற்றியே சான்றுகள் உள்ளன. திருமலையில் மற்ற மாதங்களில் அதிகாலையில் ஸம்ஸ்கிருத சுப்ரபாதம். மார்கழியில் அதற்குப் பதிலாக ஆண்டாளின் தமிழ்த் திருப்பாவை. அதே பெருமாளை அன்னமாசாரியர் தெலுங்கில் பாடினார். தேவுனி கடப்பா கோயிலுக்கு யுகாதியன்று முஸ்லிம் குடும்பங்கள் வந்து தரிசிக்கின்றன. பீபி நாஞ்சாரி தங்கள் வீட்டுப் பெண், ஆகவே பெருமாள் மாப்பிள்ளை என்பது அவர்கள் நம்பிக்கை. ஸ்ரீரங்கத்திலோ துலுக்க நாச்சியாருக்காகப் பெருமாளுக்கு ரொட்டி நைவேத்யம் ஆகிறது.

அருகிலுள்ள திருத்தணி 1960 வரை சித்தூர் ஜில்லாவில் இருந்தது. முத்துஸ்வாமி தீக்ஷிதர் முதல் கிருதியைப் பாடியது அங்கேதான். சென்னைக் கோட்டையில் வெள்ளைக்காரர்களின் பாண்டு வாத்தியத்தைக் கேட்ட அவர், அந்த மெட்டுகளில் ஸம்ஸ்கிருத ஸாஹித்யங்கள் செய்தார். தம்பி பாலுஸ்வாமி தீக்ஷிதர் வயலினையே கற்றுக்கொண்டார். நம்மவர்கள் அதைத் தரையில் உட்கார்ந்து, தலைப்பகுதியைக் காலில் ஊன்றி, கமகத்துக்கு ஏற்றபடி சுருதி மாற்றி வாசித்தார்கள். இன்று வயலின் இல்லாத கச்சேரி அபூர்வம்.

பஞ்சாங்கத்தை எடுத்துக்கொள்வோம். ஹோரை, கேந்திரம் என்ற சொற்கள் கிரேக்கத்திலிருந்து வந்தவை. யவனர்கள் மிலேச்சர்களே ஆனாலும், ஜோதிடம் அறிந்தவர்கள் என்பதால் ரிஷிகளைப் போல மதிக்கப்படுகிறார்கள் என்று ஆறாம் நூற்றாண்டிலேயே வராஹமிஹிரர் எழுதினார்.

நாமும் கொடுத்திருக்கிறோம். நம் எண்கள் அராபியர் வழியாக ஐரோப்பாவுக்குச் சென்றன. புத்தரின் சரித்திரம் பல மொழிகளில் உருமாறி, போதிஸத்வர் என்ற பெயர் ஜோசபாத் ஆகி, கிறிஸ்தவப் புனிதர் ஒருவரின் கதையாயிற்று.

அப்படியானால் எதையும் உள்ளே விடலாமா? இதற்கு நம் வீட்டுச் சமையலறையே பதில் சொல்கிறது. மிளகாய், உருளைக்கிழங்கு, தக்காளி மூன்றும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. நம் முன்னோர் அவற்றைத் தினசரி சமையலில் ஏற்றார்கள். ஆனால் தேவஸத்தன்று அவை கிடையாது. காரத்துக்கு மிளகு, காய்க்கு வாழைக்காய், புடலங்காய், பாகற்காய், சேப்பங்கிழங்கு, துவையலுக்குப் பிரண்டை. மற்ற நாட்களில் புதியதை ரசித்துச் சாப்பிட்டவர்கள், பித்ருக்களுக்கான நாளைப் பழையபடியே காத்தார்கள். இரண்டுக்கும் இடம் எங்கே என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இந்த அளவுகோலை நாமும் கைக்கொள்ளலாம். முதல் நாள் மாலை சங்கீத் நடக்கட்டும், பாட்டிமார்களும் கை தட்டட்டும். ஆனால் போட்டோகிராபர் அவசரப்படுத்தி ஸப்தபதியைச் சுருக்குகிறார் என்றால் அங்கே பேச வேண்டும். வந்தது எது என்பதைவிட, அது எதன் இடத்தைப் பிடிக்கிறது என்பதே கேள்வி.

இன்று நம் வீடுகளுக்குப் பஞ்சாபிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் மருமகள்கள் வருகிறார்கள். வெளிநாட்டிலிருந்தும் வருகிறார்கள். "எங்களாத்தில் இது வழக்கமில்லை" என்று முதல் நாளே சொல்லிவிட்டால், அந்தப் பெண் நம் வழக்கத்தையும் கற்க மாட்டாள். அவள் கர்வா சௌத் விரதம் இருக்கட்டும். காரடையான் நோன்பன்று சரடு கட்டிக்கொள்ளவும் சொல்லிக் கொடுங்கள். ஏன் என்று கேட்டால் அர்த்தத்தை விளக்குங்கள். விளக்கத் தெரியாவிட்டால் நாம் முதலில் கேட்டுத் தெரிந்துகொள்வோம். நம் பேரன் பேத்திகளுக்கு இரண்டு விரதமும் தெரிந்திருந்தால் அது நமக்கு லாபமே.