அட்டையின் பின்பக்கம்



இளமையைப் பக்குவப்படுத்துவது சொல்லிவிட்ட காதலா, சொல்லாத காதலா? எனக்கு முன்னால் பேசிய அம்மையார் ஒரு ஜப்பானியப் படத்தைச் சொன்னாங்க. யோஷிஃபூமி கோண்டோ 1995-ல் இயக்கிய 'விஸ்பர் ஆஃப் தி ஹார்ட்'. ஷிஸுகுங்கிற பள்ளிக்கூடப் பெண் நூலகத்துல எந்தப் புத்தகத்தை எடுத்தாலும், அதுல இருக்கிற அட்டையில அவளுக்கு முன்னாலேயே செய்ஜிங்கிற பையனோட பேர்! (நம்ம ஊர்ச் சீட்டுல தேதி மட்டும்தான். பேரும் இருந்தா எத்தனை கல்யாணம் நடந்திருக்குமோ!) (சிரிப்பு) கடைசியில் விடியற்காலை, குன்றின் மேலே, "பின்னால் என்னைக் கல்யாணம் பண்ணிக்குவியா"ன்னு கேட்டுடறான். "சொன்னான், ஜெயித்தான்"னு அம்மா கைத்தட்டல் வாங்கிட்டாங்க.

அம்மா, நடுவுல எழுந்து போயிட்டீங்களா? செய்ஜி வயலின் செய்யும் தொழிலுக்காக இத்தாலியின் கிரெமோனாவுக்கு இரண்டு மாதம் போகிறான். அவனுக்கு ஒரு தொழில் இருக்கு, எனக்கு என்ன இருக்குன்னு இவள் கதை எழுத உட்காருகிறாள். மதிப்பெண் சரிகிறது. அக்கா திட்டுகிறாள். எழுதியதை ஒரு பெரியவர் படித்து முடிக்கும்வரை குளிரில் வெளியே காத்திருந்து, பிறகு விம்மி அழுகிறாளே, அந்தப் பெண் வளர்ந்தது அங்கே! பையன் பாதி சொல்லிவிட்டுத்தான் போனான், ஒப்புக்கொள்கிறேன்.

அதே 1995. அதே நூலக அட்டை. ஷுன்ஜி இவாய் இயக்கிய 'லவ் லெட்டர்'. கோபே நகரத்து ஹிரோகோவுக்கு நிச்சயமான இட்சுகி மலையேற்றத்தில் இறந்துவிட்டான். அவன் படித்த பள்ளியின் மலரில் ஒதாரு நகர முகவரி ஒன்று. அவன் வீட்டை இடித்துச் சாலை போட்டாச்சு, போய்ச் சேராதுன்னு தெரிஞ்சே கடிதம் போடுகிறாள். பதில் வருகிறது! எழுதியவள் அவனோடு ஒரே வகுப்பில் படித்த, அவன் பெயரே கொண்ட ஒரு பெண். இருவராகவும் நடித்தவர் 2024-ல் மறைந்த மிஹோ நகாயாமா. ஒரே முகம் எதற்கு? அங்கேதான் முள். அந்த முகச் சாயலுக்காகத்தான் என்னைக் கேட்டானோன்னு ஹிரோகோ கலங்குகிறாள். நடுவர் அவர்களே, இது என் அணியை நொண்ட வைக்கிற இடம். மறைக்க மாட்டேன். ஒருத்தன் சொல்லாமல் விட்டதுக்கு வேறொருத்தி வட்டி கட்டுகிறாள்.

ஆனால் அந்த இன்னொரு பெண்ணைப் பாருங்க. பள்ளிக் காலத்தில் அந்தப் பையன் யாரும் தொடாத புத்தகமாய் எடுத்து, அட்டையில் பெயர் எழுதிக்கொண்டே இருந்தான். தன் பெயரா, அவள் பெயரா? யாருக்குத் தெரியும்! ஆண்டுகள் கழித்து, அந்தப் பள்ளி மாணவிகள் வாசலுக்கு ஒரு புத்தகத்தோடு வருகிறார்கள். உள்ளே அட்டை, முன்பக்கம் பெயர். "பின்னால் திருப்புங்க"ங்கிறார்கள். திருப்பினால், பென்சிலில் அவள் முகம்! (கைத்தட்டல்)

மணி அடிச்சுட்டீங்க, முடிச்சுடறேன். சிறுசுகள் பார்த்துக்கொண்டே நிற்கிறார்கள். கண்ணில் நீர் முட்டுகிறது. அட்டையைச் சட்டென்று பையில் ஒளித்துவிடலாம் என்று தடவுகிறாள். போட்டிருந்த உடையில் பையே இல்லை.