பழைய சீருடையும் புதிய சின்னமும்

நிறுவனமொன்றின் பெயர் மாறும்போது, அதன் ஊழியர் அணியும் சீருடையும் புதிதாக வாங்கப்படல் வேண்டுமா? 1918ஆம் ஆண்டு ஏப்பிரல் 1ஆம் நாள், பிரித்தானியத் தரைப்படையின் விமானப் பிரிவும் கடற்படையின் விமானப் பிரிவும் ஒன்றிணைந்து அரச விமானப்படை ஆயின. போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. ஆகவே, முன்னைய காக்கி உடையையும் கருநீல உடையையும் அவை தேயுமட்டும் அணிய இடமளிக்கப்பட்டது.

இன்றும், சட்டை நைந்துபோகாதிருப்பின் சின்னத்தை மாற்றினாலே போதும். பருத்திச் சட்டை ஒன்றை ஆக்குவதற்கு, பஞ்சு விளைவிப்பது முதலாக, உலகச் சராசரியில் ஏறத்தாழ 2,500 லீற்றர் நீர் செலவாகின்றது.

எனினும், இவ்வேலைக்குக் கைத்திறன் வேண்டும். பழைய சின்னத்தைப் பிரித்தெடுத்தால் ஊசித் துளைகளும், அதன்கீழ் வெளுக்காதிருந்த துணியின் நிறமும் புலப்படும். ஆதலால், புதிய சின்னம் பழையதிலும் சற்றுப் பெரிதாயிருத்தல் நன்று. அதனை முன்னரே நனைத்து உலர்த்தித் தைத்தால், பின்னர் சுருங்கித் துணியை இழுக்காது. மங்கிய பருத்தித் துணியைக் கடுஞ்சாயத்தில் தோய்த்தெடுக்கலாம். பருத்திக்குரிய சாயத்தைப் பொலியெஸ்டர் நூல் ஏற்காது.

இவை யாவற்றினும் முக்கியமானது ஊழியரின் மானம். மேலதிகாரிக்குப் புதுச் சட்டையும் வாயிற்காவலனுக்கு ஒட்டுப்போட்ட சட்டையும் கொடுத்தால், அதனைச் சிக்கனமென்று எவரும் ஏற்கார். கிழிந்தவற்றை நீக்கிப் புதியன கொடுத்து, நல்லவற்றில் மேலோர் கீழோர் என்னாது எல்லோருக்கும் சின்னத்தை மாற்றிக்கொடுக்கும் நிறுவனமே பொருளையும் மதிப்பையும் ஒருங்கே காக்கும்.