ஊர் வளர்த்த வில்லன்



இந்த நூலக வாசகர் வட்ட மேடையில் எனக்கு முன்னால் பேசியவர்கள் சினிமாவை முறையாகப் படித்தவர்கள். ஒளிப்பதிவு, படத்தொகுப்பு என்று அழகாக எடுத்துச் சொன்னார்கள். நான் படம் பார்க்கிறவன், அவ்வளவுதான். பண்டிகை நாளில் பிள்ளைகள் டிவியில் போட்டால் கூடவே உட்கார்ந்து பார்ப்பேன், பிடித்தால் பத்துப் பேரிடம் சொல்வேன். அந்த இடத்தில் நின்றுகொண்டுதான் 'மின்னல் முரளி' பற்றி இன்று பேசுகிறேன். பாசில் ஜோசப் இயக்கிய இந்த மலையாளப் படம் 2021 டிசம்பர் 24 அன்று திரையரங்குக்குப் போகாமல் நேராக நெட்ஃப்ளிக்ஸில் வந்தது, தமிழ்க் குரலோடும் வந்தது. இங்கே பலர் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் என்னை மன்னிக்க வேண்டும், முடிவு வரை சொல்லாமல் என்னால் பேச முடியாது.

கதை நடப்பது தொண்ணூறுகளில், குறுக்கன்மூலை என்ற கற்பனைக் கிராமத்தில். அங்கே ஜெய்சன் என்றொரு தையல்காரன். அமெரிக்கா போக வேண்டும் என்பது அவன் கனவு. காதலித்த பெண் கை கழுவிவிட்டாள், அந்த வருத்தம் வேறு. ஒரு கிறிஸ்துமஸ் இரவில் அவன் மேல் மின்னல் விழுகிறது. சாகவில்லை. மனிதனை மீறிய வேகமும் பலமும் வந்துவிடுகின்றன. இதுவரைக்கும் உலகம் முழுவதும் பார்த்துப் பழகிய சூப்பர்ஹீரோ கதைதான். ஆனால் அதே இரவில், அதே மின்னல், அதே ஊரில் இன்னொருவன் மேலும் விழுகிறது. அவன் பெயர் ஷிபு.

நண்பர்களே, இந்தப் படத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. அமெரிக்கப் படங்களில் நாம் பார்க்கும் வில்லன்களில் பலர் எங்கிருந்தோ வருவார்கள். வேற்றுக் கிரகத்திலிருந்து வருவார்கள், இல்லையென்றால் ஆய்வுக்கூடத்தில் ஏதோ வெடித்து உருமாறி வருவார்கள். ஷிபு எங்கிருந்தும் வரவில்லை. ஊரில் டீக்கடையில் எச்சில் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தவன். ஊர் அவனைப் பைத்தியம் என்கிறது. அவன் அம்மாவையும் அப்படித்தான் சொன்னது. சிறுவயதிலிருந்து உஷா என்ற பெண்ணை மனதில் வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறான். அவளோ வாழ்க்கை சரியாக அமையாமல், நோயாளி மகளைக் கூட்டிக்கொண்டு ஊர் திரும்பியிருக்கிறாள். அந்தக் குழந்தைக்கு அறுவை சிகிச்சை செய்யப் பணம் வேண்டும். கையில் காசில்லாத, ஆனால் பொருள்களை மனத்தாலேயே நகர்த்தும் சக்தி வந்துவிட்ட ஒரு மனிதன் என்ன செய்வான்? வங்கியைக் கொள்ளையடிக்கிறான். அங்கே தொடங்கியது உயிர்ப்பலியில் போய் நிற்கிறது. பழியோ ஜெய்சன் தலையில் விழுகிறது.

இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மின்னல் ஒன்றுதான், சக்தி கொடுத்த வானமும் ஒன்றுதான். ஜெய்சனையும் இந்த ஊர் கேலி செய்கிறது, பழி போடுகிறது, போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் இழுக்கிறது. ஆனாலும் அவனுக்கு வீடு என்று ஒன்று இருக்கிறது. பெறாவிட்டாலும் பெற்றவனைப் போலவே வளர்த்த தகப்பன் இருக்கிறார். அக்கா மகன் ஜோஸ்மோன் இருக்கிறான். அந்தப் பொடியன்தான் காமிக்ஸ் படித்த அறிவில் மாமனுக்குப் பாடம் நடத்துகிறான்: உனக்கு வந்திருப்பது சக்தி, அதை மற்றவர்களைக் காப்பாற்றப் பயன்படுத்து என்கிறான். ஒரு மனிதன் நல்லவனாக இருப்பதற்கு, அவன் நல்லவன் என்று நம்புகிற ஒரு குழந்தையாவது பக்கத்தில் வேண்டும். ஷிபுவுக்கு அப்படி ஒரு ஆள் இல்லை. ஜெய்சனின் வளர்ப்புத் தந்தையாக நடித்த பி. பாலச்சந்திரன், படம் வெளிவருவதற்கு முன்பே, 2021 ஏப்ரலில் காலமாகிவிட்டார். அவரது அமைதியான முகம் இல்லாமல் ஜெய்சனின் நல்ல மனதை நான் நம்பியிருக்க மாட்டேன்.

ஷிபுவாக நடித்திருப்பது நம் குரு சோமசுந்தரம். கூத்துப்பட்டறையில் ந. முத்துசாமியிடம் உருவான நடிகர். 'ஆரண்ய காண்டம்' படத்தில் நொடித்துப்போன ஜமீன்தாராக, மகனோடு சேவலைத் தூக்கிக்கொண்டு அலைந்தாரே, அவர்தான். 2016இல் ராஜு முருகனின் 'ஜோக்கர்' படத்தில் தன்னையே குடியரசுத் தலைவராக அறிவித்துக்கொண்ட மன்னர் மன்னன் அவர்தான். உஷா ஷிபுவை ஏற்றுக்கொள்ளும் காட்சியைச் சொல்ல வேண்டும். அந்த முகத்தில் சிரிப்பும் அழுகையும் ஒரே நேரத்தில் வருகின்றன, எது முதலில் வந்தது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. அந்த ஒரு நிமிடத்தில் வில்லன் பக்கம் சாய்ந்துவிட்டேன். அவன் செய்த குற்றமெல்லாம் தெரிந்தும் சாய்ந்தேன். என்னோடு பார்த்தவர்களும் அப்படித்தான் இருந்தார்கள், சின்னப் பிள்ளைகள் உட்பட.

ஜெய்சனாக நடித்த டொவினோ தாமஸைக் குறைத்துச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். முகத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு, வேட்டியோடு அவர் போடும் அந்த முதல் சண்டையில் இருக்கும் உற்சாகம், கோடிக்கணக்கில் கொட்டி எடுத்த எத்தனையோ படங்களில் இல்லை. பறப்பதற்கு முன்னால் நடக்கத் தெரிந்த ஹீரோ அவர்.

இப்போது என் குறையைச் சொல்கிறேன். சுருக்கமாகச் சொல்ல மாட்டேன், ஏனென்றால் இது என்னை இன்னும் விடவில்லை.

ஷிபுதான் குற்றவாளி என்று தெரிந்ததும் ஊரே திரண்டு வருகிறது. அந்தக் கூட்டம் வைத்த தீயில் உஷாவும் அவள் மகளும் இறந்துபோகிறார்கள். எந்தக் குழந்தையைக் காப்பாற்ற ஷிபு கொள்ளையடித்தானோ அந்தக் குழந்தை. அதன் பிறகு அவன் அரக்கனாகிறான், ஊரை அழிக்கக் கிளம்புகிறான், ஜெய்சன் அவனோடு மோதிக் கொல்கிறான், ஊர் கைதட்டுகிறது. சரி, தீ வைத்தவர்கள் எங்கே? அவர்களும் அந்தக் கைதட்டலுக்குள்தான் இருக்கிறார்கள்! உஷாவுக்காக ஒருவர்கூடத் தலைகுனியவில்லை. ஒரு தாயையும் மகளையும் எரித்த ஊரைக் காப்பாற்றிவிட்டு, அந்த ஊரை ஒரு கேள்விகூடக் கேட்காமல் ஹீரோ நிற்கிறான். இரண்டரை மணி நேரம் இவ்வளவு நியாயமாக வந்த படம், கடைசியில் ஊரை மட்டும் விட்டுவிட்டது. அதைவிட வருத்தம், உஷா என்ற பெண்ணுக்குக் கதையில் கிடைத்த பங்கு. ஷெல்லி கிஷோர் எவ்வளவு உண்மையாக நடித்திருக்கிறார்! அவள் காத்திருந்தது என்ன, பயந்தது என்ன என்று தெரிந்துகொள்ள நமக்கு ஆசை வரும் நேரத்தில், ஒரு ஆணுக்குக் கோபமூட்டுவதற்காக அவளை எரித்துவிடுகிறார்கள். இதை நம் மொழிப் படங்களிலும் எத்தனை முறை பார்த்துவிட்டோம்.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. கூட்டம் சேர்ந்தால் என்ன செய்யும் என்பது இந்தப் படக்குழுவுக்கு நேரிலேயே தெரியும். காலடியில், பெரியாற்றங்கரையில், படப்பிடிப்புக்காக அனுமதி பெற்று ஒரு தேவாலய அரங்கு அமைத்திருந்தார்கள். கொரோனா ஊரடங்கில் வேலை நின்றுபோயிருந்த 2020 மே மாதத்தில், பக்கத்தில் கோயில் இருக்கிறது என்று காரணம் சொல்லி ஒரு கூட்டம் அதை இடித்துத் தள்ளியது. இடித்ததைப் பெருமையோடு வெளியிலும் சொல்லிக்கொண்டார்கள். கேரளத்தில் கட்சி பாராமல் கண்டனம் எழுந்தது, கைதுகளும் நடந்தன. அத்தனைக்கும் பிறகு படத்தை முடித்துக் கொண்டுவந்த தயாரிப்பாளர் சோபியா பாலையும் பாசில் ஜோசப்பையும் இந்த மேடையிலிருந்து மனதார வணங்குகிறேன். அந்த அனுபவம் உள்ளவர்கள் படம் எடுத்தார்கள் என்பதால்தான் கேட்கிறேன்: நிஜத்தில் அரங்கை இடித்த கூட்டத்தைச் சட்டத்தின் முன் நிறுத்த முடிந்ததே, கதையில் ஒரு வீட்டை எரித்த கூட்டத்தை ஏன் நிறுத்தவில்லை?

நம் இளைஞர்கள் இந்தப் படத்தைப் பற்றிப் பேசும்போது கிராபிக்ஸ் நன்றாக இருந்ததா, ஹாலிவுட் தரத்துக்கு வந்ததா என்று பேசுகிறார்கள். பேசட்டும். சண்டைகளை அமைத்த விளாட் ரிம்பர்க் அவர்கள் பாராட்டுக்குரிய வேலையைச் செய்திருக்கிறார். ஆனால் தம்பிகளே, தங்கைகளே, வீட்டில் போய் இன்னொரு முறை படத்தைப் போட்டு, மின்னல் விழுவதற்கு முந்தைய காட்சிகளை மட்டும் பாருங்கள். டீக்கடையில் ஷிபுவிடம் யார் எப்படிப் பேசுகிறார்கள், யார் சிரிக்கிறார்கள், யார் பார்க்காததுபோல் இருக்கிறார்கள் என்று பாருங்கள்.

இதன் அடுத்த பாகம் வந்தால் முதல் நாளே பார்ப்பேன். ஜெய்சன் இன்னும் வேகமாக ஓட வேண்டும், இன்னும் பெரிய எதிரி வர வேண்டும் என்றெல்லாம் எனக்கு ஆசை இல்லை. குறுக்கன்மூலைக்காரர்களில் யாராவது ஒருவர், அந்தத் தீயை வைத்தவர்களில் நானும் ஒருவன் என்று ஜெய்சன் முன்னால் வந்து சொல்ல வேண்டும். அப்போது அந்த ஹீரோ என்ன செய்கிறான் என்று பார்க்கத்தான் காத்திருக்கிறேன்.